வீட்டில் வரைபவர்களுக்கு: எந்தச் சாமான் நிற்கும், எது வெளிறும்

வரைபொருள் விமர்சனம் எல்லாமே வாங்கின வாரத்திலேயே எழுதப்படுகிறது. கலர் பளிச்சென்று இருக்கிறது, பிரஷ் வழவழவென்று ஓடுகிறது, போடு ஐந்து நட்சத்திரம். வெளிறுமா, பழுக்குமா என்பதெல்லாம் அந்த வாரத்தில் தெரியவே தெரியாது. வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, தொண்ணூறுகளில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நைட் டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் வரைந்து தள்ளிய படங்கள் அத்தனையும் கீழே இறங்கின. மொட்டைமாடியிலிருந்து தெரிந்த மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், ஈஸிசேரில் மாமனார் (தூங்கும்போது மட்டும்தான் அசையாமல் இருப்பார்), அம்மா. படம் நன்றாக இருக்கிறதா என்பதை விடுங்கள். சாமான் தாங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

முதல் மார்க் பென்சிலுக்கு. அப்சரா 4பி, 6பி (எண் ஏற ஏற மென்மையும் கறுப்பும் கூடும்). இன்றைக்கும் ஒன்றின் விலை டீக்கடை டீ விலைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட் ஒரு வகைக் கார்பன், வெயில் அதை ஒன்றும் செய்யாது. 1987இல் கட்டி முடித்த ஸ்ரீரங்கத்து 13 நிலைக் கோபுரத்தில் ஒவ்வொரு நிலைக்கும் நடுவே ஒரு வாசல் இருட்டு உண்டு. 6பியில் அழுத்தித் தேய்த்த அந்த இருட்டு இப்போதும் அப்படியே இருக்கிறது. ஆனால் எந்தக் கம்பெனி 6பியாக இருந்தாலும் ஈஷும். நோட்டின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கோபுரம் இடவலம் மாறி மங்கலாக எழுந்திருக்கிறது. நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வையுங்கள், போதும். ஈஷாமல் பிடித்து வைக்கும் ஃபிக்ஸடிவ் ஸ்ப்ரே அடிப்பதென்றால் மாடிக்குப் போய் அடியுங்கள், நாற்றம் தாங்காது.

அடுத்தது கேமல் கறுப்பு டிராயிங் இங்க், தொட்டு எழுதும் நிப்போடு. விகடனில் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களை அப்பா பைண்டு பண்ணி வைத்திருந்தார். அதைப் பார்த்து வந்த ஆசை. கை சில்பி ஆகவில்லை, மை மட்டும் சொன்னபடி நின்றிருக்கிறது. பரணில் ஓடு ஒழுகி ஈரம் பட்ட தாளில்கூடக் கோடு கலையவில்லை. அதே காலத்தில் பால்பாயிண்டில் போட்டவை பழுப்பு நாமமாகிவிட்டன. ஸ்கெட்ச் பேனா படங்களில் ரோஸும் ஊதாவும் இருந்த இடம் வெறும் தாள். அதிலெல்லாம் இருப்பது சாயம். குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுங்கள், சுவரில் மாட்டாதீர்கள்.

வாட்டர் கலரில்தான் வயிறெரிந்தது. பெயர் சொல்ல வேண்டாம், மாணவர்களுக்கென்று விற்ற ஒரு டியூப் பெட்டி. அதில்தான் அம்மாவைக் கிரிம்சன் நிறச் சுங்குடிப் புடவையில் வரைந்திருந்தேன். கொஞ்ச காலம் மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் தொங்கியது. ஃபிரேமைக் கழற்றி, படத்தின் ஓரத்தைச் சுற்றி மூடியிருந்த மவுண்ட் அட்டையைத் தூக்கினால், அட்டைக்கடியில் ஒளிந்திருந்த கால் அங்குல ஓரம் மட்டும் ரத்தச் சிவப்பாக இருக்கிறது. சுங்குடிப் புள்ளிகள் அங்கே ஒவ்வொன்றாக எண்ணும்படி வெள்ளையாகத் தெரிகின்றன. அட்டை மறைக்காத இடத்தில் புடவை முழுக்க வெளுத்த ரோஸ், புள்ளி எது துணி எது என்றே தெரியவில்லை. முகம் மட்டும் மாறவில்லை. அது யெல்லோ ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தது. இரண்டும் மண் நிறங்கள், இரும்பு ஆக்சைடு, வெயிலுக்கு அசையாதவை. பின்னால் இருந்த அல்ட்ராமரின் நீலமும் நன்றாகவே இருக்கிறது.

ஆகவே கலர் வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், டியூபில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் நிறமிக் (கலருக்கு நிறம் தரும் பொருள்) குறியீட்டைப் பாருங்கள். பிஆர் 83 என்றிருந்தால் அது அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் நிற்காது என்று பெயர் வாங்கியது. அதே சாயலுக்கு பிவி 19 என்ற குவினாக்ரிடோன் நிறமி கிடைக்கிறது, அதை எடுங்கள். என் பழைய பெட்டியில் குறியீடே கிடையாது. அப்படிப்பட்டதை வாங்காமலிருப்பதே மேல். வாங்கியே ஆகவேண்டுமென்றால் ஒரு துண்டுத் தாளில் கோடு தீட்டி, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒரு கோடைக்கு விட்டுப் பாருங்கள்.

தாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சார்ட் அட்டையில் வரைந்தது எல்லாம் பழுத்து, மூலையை மடித்தால் அப்பளமாக ஒடிகிறது. மரக்கூழில் இருக்கும் லிக்னின் செய்கிற வேலை. இரண்டு படங்களை இராமபாணப் பூச்சி ருசி பார்த்திருக்கிறது. ஒன்றை லேமினேட் செய்து வைத்திருந்தேன், அதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். உள்ளே மாட்டிய காற்றுக் குமிழியும் சுருக்கமும் இனி படத்தோடு சேர்ந்த சொத்து.

இன்றைக்கு ஒருவர் புதிதாக ஆரம்பிப்பதென்றால், பட்ஜெட்டில் பெரிய பங்கு தாளுக்குப் போகட்டும்: அமிலமில்லாதது, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் கனம்), பருத்தி கலந்திருந்தால் இன்னும் நல்லது. நனைத்தாலும் அவ்வளவாக அலை அடிக்காது. பென்சில் இரண்டு, மை ஒரு பாட்டில். கலரில் 24 டியூப் செட் வேண்டாம். அல்ட்ராமரின், ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பிவி 19, நல்ல மஞ்சள் ஒன்று என்று தனித்தனி டியூபாகக் கேளுங்கள். செட்டைப் பிரித்துத் தரமாட்டோம் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள், தனி டியூப் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.