மூன்றாம் மாடியில் ஓர் ஆன்டெனா: ஆறு வருட டிஜிட்டல் டிவி அனுபவம்

எங்கள் வீட்டில் இரவு எட்டரை மணி என்றால் சிங்கப்பூரின் வசந்தம் ஒளிவழியில் தமிழ்ச் செய்தி. அம்மா அதற்குள் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்காருவார். அந்த நேரம் பார்த்து, செய்தி வாசிப்பவரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, குரல் விட்டு விட்டு வந்து, கடைசியில் திரை கறுத்துப் போகும். "தம்பி, மறுபடியும் போயிடுச்சு" என்று சமையலறை வரை குரல் வரும். 2018 கடைசியில் தொடங்கிய இந்தத் தொல்லை தீர எனக்கு வெகுநாள் பிடித்தது. இப்போது படம் நிற்காமல் வருகிறது. எது உதவியது, எதில் காசு வீணானது என்று எழுதிவைத்தால் இதே நிலையில் இருக்கும் யாருக்காவது பயன்படும்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெம்பனிஸில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, மூன்றாம் மாடி. சுற்றிலும் எங்களைவிட உயரமான புளோக்குகள். ஒளிபரப்புக் கோபுரமோ தீவின் மறுபக்கம், புக்கிட் பாத்தோக் குன்றில் இருக்கிறது. எங்களுக்கு மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வரவேற்பறை சன்னல் பார்ப்பது கிழக்கே. டிவி இருக்கும் சுவருக்குப் பின்னால் பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சிலிருந்து தப்ப ஒதுங்கும் அறை. 1990-களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் இந்த அறை உண்டு. கனமான கான்கிரீட் சுவர், உள்ளே நெருக்கமாகக் கம்பி, இரும்புக் கதவு. ஆன்டெனாவை நான் எங்கே வைத்திருந்தேன் தெரியுமா? டிவிக்குப் பின்னால், அந்தச் சுவரை ஒட்டி. டிஜிட்டல் சிக்னலைப் படமாக மாற்றும் செட்டாப் பெட்டியோடு வந்த கம்பி அவ்வளவு தூரம்தான் எட்டியது.

இங்குள்ள ஒளிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப் 2013 டிசம்பரில் டிவிபி-டி2 முறையில் டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அனலாக்கை 2017 இறுதியில் நிறுத்துவதாக இருந்து, ஓராண்டு தள்ளிப்போட்டு, 2019 புத்தாண்டோடு நிறுத்தினார்கள். கட்டண டிவி வாங்காத சிங்கப்பூரர் வீவக குடும்பங்களுக்கு செட்டாப் பெட்டியும் உள்ளறை ஆன்டெனாவும் வாங்க அரசாங்க உதவி கிடைத்தது. எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. நல்ல திட்டம், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், நிழல் விழும், ஆனாலும் செய்தி காதில் விழும். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. சிக்னல் போதுமான அளவு இருக்கும்வரை படம் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த அளவுக்குக் கொஞ்சம் கீழே இறங்கினால் கட்டம் கட்டமாக உடையும், இன்னும் கொஞ்சம் இறங்கினால் ஒன்றுமே வராது. அதனால், "நேற்று நன்றாகத்தானே வந்தது" என்ற நினைப்பில் ஆன்டெனாவைச் சந்தேகிக்கவே தோன்றாது. நானும் பெட்டி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நான் முதலில் செய்தது, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் கருவி வாங்கியது. 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). விற்றவர் இதைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். போட்டதும் முன்பு ஓரளவு வந்துகொண்டிருந்த ஒளிவழிகளும் போய்விட்டன. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கீழ்வீட்டு மாமாதான் புரியவைத்தார். அந்தக் காலத்தில் புளோக் கூரைகளில் பொது ஆன்டெனா பொருத்தும் வேலை பார்த்தவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். வந்ததும் ரிமோட்டைக் கேட்டார். "பெட்டியில சிக்னல் பக்கத்தைத் திறந்து பாத்தியா தம்பி?" நான் அப்படி ஒரு பக்கம் இருப்பதையே அறியாதவன். மெனுவுக்குள் போய்த் திறந்தார். இரண்டு பட்டைகள். வலிமை 84, தரம் 31.

"வலிமையப் பாக்காத. தரத்தப் பாரு."

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். வலிமை என்பது பெட்டிக்கு எவ்வளவு அலை வந்து சேர்கிறது என்ற கணக்கு. அதில் நமக்கு வேண்டிய அலையும் இருக்கும். இரைச்சலும், எதிர் புளோக்கில் பட்டுத் திரும்பிய அலையும் சேர்ந்திருக்கும். அந்தக் கலவையிலிருந்து பெட்டி எவ்வளவு தெளிவாகப் படிக்க முடிகிறது என்பதுதான் தரம். பூஸ்டருக்கு நல்லது கெட்டது தெரியாது, எல்லாவற்றையும் சேர்த்தே பெருக்கும். கலங்கிய தண்ணீரை இன்னும் பெரிய குழாயில் விட்டாலும் கலங்கல்தானே வரும். பூஸ்டரைக் கழற்றினோம். வலிமை 60-க்கு இறங்கியது, தரம் 45-க்கு ஏறியது.

பிறகு இருவரும் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தோம். மாமா ஆன்டெனாவைப் பிடிக்க, நான் கம்பியைப் பிடிக்க, அம்மா திரையில் வரும் எண்ணைச் சத்தமாகப் படித்துச் சொன்னார். ஷெல்டர் சுவருக்குப் பக்கத்தில் 45. வரவேற்பறை சன்னலில் 52. சன்னலின் அலுமினியக் கிராதியைத் தொட்டால் சட்டென்று 38. மேற்கே பார்க்கும் சமையலறைச் சன்னலுக்கு, அதாவது துணி காயப்போடும் பக்கத்துக்கு, வந்தவுடன் அம்மா "எழுபத்தி ஆறு!" என்று கத்தினார். அதே சன்னலில் அரைச் சாண் நகர்த்தினால் 60, இன்னும் அரைச் சாண் நகர்த்தினால் 88. இதற்குக் காரணம் இருக்கிறது. டிஜிட்டல் ஒளிவழிகள் எல்லாம் யூஎச்எஃப் அலையில் வருகின்றன. அந்த அலையின் நீளமே ஏறத்தாழ அரை மீட்டர்தான். நேராக வரும் அலையும் சுவரில் பட்டு வரும் அலையும் ஓரிடத்தில் கூடும், பக்கத்திலேயே இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் இடம் தேடும்போது கையளவு கையளவாக நகர்த்த வேண்டும். படுக்கவைத்தும் பார்க்க வேண்டும், நிமிர்த்தியும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு விநாடி காத்திருந்து எண்ணைப் படியுங்கள், பெட்டி கொஞ்சம் தாமதமாகத்தான் காட்டும்.

அங்கிருந்து டிவிக்குக் கம்பி இழுக்க வேண்டும். மின்னணுப் பொருள் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் ஆர்ஜி6 என்ற ஆன்டெனாக் கம்பி 10 மீட்டர், இரண்டு முனைக்கும் திருகிப் பொருத்தும் எஃப் கனெக்டர் வாங்கினேன். நீளமான கம்பியில் சிக்னல் செத்துவிடும் என்று பயந்தேன். நல்ல ஆர்ஜி6 கம்பியில் 10 மீட்டருக்கு இழப்பு இரண்டு டெசிபெல்லைத் தாண்டாது. ஷெல்டர் சுவரால் போவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. கனெக்டர் போடும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கம்பியின் உள்ளே நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி மயிரிழை மாதிரி உலோகப் பின்னல். அந்தப் பின்னலில் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டால் போதும், எல்லாம் போச்சு. முதல் முறை நான் போட்டதில் அப்படித்தான் ஆனது. கண்ணாடி போட்டுக்கொண்டு, டார்ச் அடித்து, ஊசியால் அந்த இழையை விலக்கினேன்.

அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் தொல்லை இல்லை. 2021-இல் ஒரு நாள் எல்லாமே மங்கி, தரம் 40-க்குப் போய்விட்டது. ஆன்டெனா அதே இடம், கம்பி அதே கம்பி. அரை நாள் தேடியபின் கண்டுபிடித்தேன். யாரோ பெட்டியை ஆரம்ப நிலைக்கு மீட்டமைத்திருக்கிறார்கள், அக்கா மகன் வந்து விளையாடிய அன்றாக இருக்கும். அதில் 'ஆன்டெனா மின்சாரம்' என்ற அமைப்பு அணைந்துவிட்டது. இந்த உள்ளறை ஆன்டெனாக்கள் பலவற்றுக்குள் சின்னப் பெருக்கி ஒன்று இருக்கும். அதற்கு வேண்டிய 5 வோல்ட்டைப் பெட்டிதான் அதே கம்பி வழியே அனுப்புகிறது. அது அணைந்தால் ஆன்டெனா இருந்தும் இல்லாத மாதிரிதான். எதையும் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். படம் உடையும்போது பதற்றத்தில் தானியங்கித் தேடலை அழுத்தாதீர்கள். சிக்னல் மோசமாக இருக்கும் நேரத்தில் தேடினால், பெட்டி பழைய பட்டியலை அழித்துவிட்டு, அந்த நேரத்தில் கிடைப்பதை மட்டும் வைத்துக்கொள்ளும். சில இடங்களில் ஜொகூர், பாத்தாம் ஒளிவழிகளும் உள்ளே வந்து பட்டியலைக் குழப்பும். முதலில் தரத்தைச் சரிசெய்துவிட்டு அப்புறம் தேடுங்கள். சில ஒளிவழிகள் நன்றாக வந்து, வேறு சில மட்டும் சேர்ந்தாற்போல் உடைந்தால் அதுவும் ஒரு துப்புதான். பல ஒளிவழிகளை ஒரே அலைவரிசையில் கட்டி அனுப்புகிறார்கள், அந்த ஓர் அலைவரிசைதான் உங்கள் வீட்டில் அடிபடுகிறது என்று பொருள். ஆன்டெனாவைக் கொஞ்சம் நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி ஓக்டோ என்ற ஒளிவழி வரவில்லை என்று பல நாள் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்த ஒளிவழி 2019 மே மாதம் சேனல் 5-உடன் சேர்ந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் விட்டார்.

2022-இல் வேறொரு சோதனை. எங்களுக்கு மேற்கே புதிய புளோக்குகள் எழும்பின. மாடி ஏற ஏற எங்கள் எண் இறங்கியது: 88, 80, 71. ஒரு கட்டத்தில் காலையில் மட்டும் படம் உடைந்தது. அம்மாதான் கவனித்துச் சொன்னார், துணி காயப்போடும் நேரத்தில்தான் இப்படி ஆகிறது என்று. உண்மைதான். சன்னலுக்கு வெளியே அலுமினியக் கழிகள், அதில் ஈரத் துணி. முன்பு தாராளமாக இருந்த சிக்னல் அதைத் தாங்கியது, இப்போது தாங்கவில்லை. மாமாவிடம் கேட்டேன். "நேரா வர்றது மறைஞ்சா, பட்டு வர்றத பிடி" என்றார். ஆன்டெனாவை மேற்கிலிருந்து திருப்பி, வடக்கே இருக்கும் பழைய புளோக்கின் சுவரைப் பார்க்க வைத்தோம். தரம் 83. கோபுரத்துக்குப் பக்கவாட்டைக் காட்டுகிற மாதிரி இருக்கும் அந்த நிலையில்தான் இன்றுவரை ஓடுகிறது.

மீடியாகார்ப்பின் மீவாட்ச் இணையச் செயலியில் எல்லாம் கிடைக்கிறதே, ஆன்டெனா எதற்கு என்று கேட்கிறார்கள். கிடைக்கிறது, நானும் கைப்பேசியில் பார்க்கிறேன். அம்மாவுக்கு வேண்டியது ரிமோட்டில் ஒரு பொத்தான், உடனே படம். கடவுச்சொல் கேட்காத, இணையம் போனாலும் போகாத, மாதக் கட்டணம் இல்லாத டிவி. 2011-இல் டிவி உரிமக் கட்டணத்தையே எடுத்த பிறகு இது முழுக்க இலவசம். இந்த வசதியை வயதானவர்களிடமிருந்து பறித்துவிடக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஆறு வருடத்தில் நான் செலவழித்தது பூஸ்டருக்குப் போன 40 வெள்ளியும், கம்பிக்கும் கனெக்டருக்கும் போன 20 வெள்ளிக்குள்ளான தொகையும். கொண்டோவில் (தனியார் அடுக்குமாடியில்) இருப்பவர்களுக்கு என் வழி பொருந்தாமல் போகலாம். அங்கே பொது ஆன்டெனாதான் என்றால் நிர்வாக அலுவலகத்தில் கேட்பதே முதல் வேலை.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. பாய லேபார் விமானப்படைத் தளத்துப் பக்கமிருந்து விமானம் தாழப் பறந்தால் படம் ஒரு விநாடி உடைந்து சேர்கிறது. விமானத்தின் உடலில் பட்ட அலையும் வந்து கலப்பதால் இருக்கும். அம்மாவுக்கு அது பழகிவிட்டது. சத்தம் கேட்டதும் "பிளேன் போகுது" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தபடியே இருக்கிறார்.