பட்டறை ஸ்பீக்கரும் பழைய சாக்ஸும்: ஒன்பது வருட அனுபவம்

இந்த ஸ்பீக்கரைச் செய்தவர் இப்போது தொழிலில் இல்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் வாங்கப் போவதில்லை, பெயர் சொல்லவும் அவசியமில்லை. ஆனால் இரண்டு மூன்று பேர் மட்டுமே வேலை பார்க்கும் பட்டறையில் உயர்தர ஸ்பீக்கர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்குச் சொல்ல, ஒன்பது வருடத்தில் சில விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன.

ஆர்டர் கொடுக்கக் கூப்பிட்டபோது ஏகப்பட்ட கேள்வி கேட்டார். அறையின் நீளம் அகலம், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பீர்கள், எந்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), எவ்வளவு சத்தமாகக் கேட்பீர்கள். நாலு மாதம் என்றார், ஆறு மாதம் ஆனது. அட்டைப்பெட்டியில் யூசர் மேனுவல் கிடையாது. கையால் எழுதிய ஒரு தாள் மட்டும்: வரிசை எண், இரண்டு ஸ்பீக்கரின் அளவீட்டு வரைபடம், அடியில் ‘இம்பீடன்ஸ் 180 ஹெர்ட்ஸில் 5.2 ஓம் வரை இறங்கும், சின்ன ஆம்ப் வேண்டாம்’ என்று ஒரு வரி. (இம்பீடன்ஸ் என்பது ஸ்பீக்கர் ஆம்புக்குக் காட்டும் மின்தடை; அது இறங்கினால் ஆம்ப் அதிக மின்சாரம் தர வேண்டும்.) பின்பலகையில் ‘8 ஓம்’ என்று அச்சடித்துவிட்டு மற்றதைச் சொல்லாமல் விடுபவர்களைப் பார்த்த எனக்கு அந்த ஒரு வரியிலேயே ஆள் பிடித்துப்போனது.

முதல் வாரம் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, தாங்கவில்லை. என் அறை 4.2 மீட்டர் நீளம். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் 41 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அறையே சேர்ந்து முழங்கும். பெட்டியின் போர்ட்டும் (பாஸைக் கூட்ட வைத்த ஓட்டை) ஏறக்குறைய அங்கேதான் டியூன் ஆகியிருந்தது. பாஸ் கிட்டாரின் ஆகத் தாழ்ந்த தந்தியும் அதே 41. அந்த ஸ்வரம் வரும்போது மட்டும் ஜன்னல் அதிரும். போன் செய்தேன். “பழைய சாக்ஸ் ஒன்றைச் சுருட்டி ஓட்டைக்குள் வைத்துப் பாருங்கள்” என்றார். ஆறு மாதம் காத்திருந்து வாங்கிய பொருளுக்கு சாக்ஸா என்று எரிச்சலாக இருந்தாலும் வைத்தேன். போர்ட்டை அடைத்தால் பாஸ் சீக்கிரமே குறையத் தொடங்கும், ஆனால் மெதுவாகக் குறையும்; கீழே இழந்ததை அறை கொடுத்துவிடும். சாக்ஸ் இன்றும் அங்கேதான் இருக்கிறது. (புது ஸ்பீக்கர் 200 மணி நேரம் ஓடினால் ஒலி ‘திறக்கும்’ என்பார்களே, எனக்குத் தெரிந்து பழகியது என் காதுதான்.)

மூன்றாம் வருடம் வீட்டு விசேஷம் ஒன்றில் யாரோ வால்யூமை முழுக்கத் திருகிவிட்டார்கள். மறுநாள் இடது பக்கம் போர்வை போர்த்தியது போல ஒலித்தது. ஆம்ப் தன் சக்தியை மீறும்போது அலையின் உச்சி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் உயர் அதிர்வெண் கூடிப்போய் உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டரின் மெல்லிய கம்பிச்சுருள் (காயில்) எரிந்துவிடும். பின்பக்க டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்தால் இது தெரியாது, தாழ்ந்த ஒலிக்கான வூஃபரை மட்டும்தான் காட்டும், ஏனென்றால் ட்வீட்டருக்கு முன்னால் மீட்டரின் மின்சாரத்தைத் தடுக்கும் கெப்பாசிட்டர் நிற்கிறது. திருகைக் கழற்றி ட்வீட்டரை வெளியே எடுத்து அளந்தால் ஓபன், அதாவது காயில் அறுந்திருந்தது.

தவறு என்னுடையது, அவரிடம் மறைக்கவும் இல்லை. புது ட்வீட்டரோடு சின்னக் கவரில் ஒரு ரெசிஸ்டரும் வந்தது. இந்த ட்வீட்டர் பழையதைவிட அரை டெசிபல் கூடுதலாக ஒலிக்கிறது, இடது பக்க கிராஸ்ஓவரில் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துத் தரும் சர்க்யூட்) மட்டும் 2.2 ஓமை எடுத்துவிட்டு இந்த 2.7-ஐப் பற்றவையுங்கள் என்று குறிப்பு, கூடவே முழு சர்க்யூட் படம். அரை டெசிபல்! பாட்டு கேட்கும்போது அதை என் காது கண்டுபிடிக்குமா என்றே சந்தேகம். ஆனால் அதிகமாகச் சத்தம் போடும் பக்கத்துக்குத்தான் பாடகர் நகர்வார். அவரை நடுவில் நிறுத்த அந்த மனிதர் இவ்வளவு மெனக்கெட்டார்.

குறைகளும் உண்டு. வெயில் படும் பக்கத்தில் மரத்தோல் வெளுத்துவிட்டது. கிரில் துணியின் பிளாஸ்டிக் முளைகள் இரண்டு உடைந்தன. விற்கலாம் என்று ஒருமுறை நினைத்தேன். கேள்விப்படாத பெயர் என்பதால் யாரும் சீண்டவில்லை.

ஏழாம் வருடம் மின்னஞ்சலுக்குப் பதில் வருவது நின்றது. அப்புறம் தெரிந்தது, கண் பிரச்சினையால் பட்டறையை மூடிவிட்டாராம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. சின்னப் பட்டறைகள் பெரும்பாலும் டிரைவர்களை, அதாவது வூஃபர், ட்வீட்டர் போன்ற ஒலி எழுப்பும் பாகங்களை, தாங்களே செய்வதில்லை. நார்வேயின் சியாஸ், டென்மார்க்கின் ஸ்கேன்-ஸ்பீக் போன்றவர்களிடம் வாங்கி, பெட்டியையும் கிராஸ்ஓவரையும் தாங்கள் வடிவமைப்பார்கள். டிரைவர் கடையில் கிடைக்கும் மாடல் என்றால் செய்தவர் போனபின்னும் ஸ்பீக்கர் பிழைக்கும். அதற்கும் எல்லை உண்டு. பிபிசி 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை ரோஜர்ஸ், ஸ்பெண்டார் என்று பல நிறுவனங்கள் உரிமம் வாங்கிச் செய்தன. 1990-களின் கடைசியில் அதன் டிரைவர்களைச் செய்துவந்த கெஃப் நிறுவனம் அவற்றை நிறுத்தியதும் பழைய வடிவில் அதைத் தொடர முடியவில்லை.

அதனால் இன்று இப்படி ஒருவரிடம் வாங்குவதாக இருந்தால், ஒலியைக் கேட்பதற்கு முன் டிரைவரின் மாடல் எண்ணையும் சர்க்யூட் படத்தையும் கேட்பேன். தர மறுத்தாலோ, கிராஸ்ஓவர் மேல் கறுப்புப் பிசின் ஊற்றி மூடியிருந்தாலோ, எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் வேண்டாம்.

என் வூஃபர் மாடலை நிறுத்தப் போகிறார்கள் என்று போன வருடம் தெரிந்ததும் ஒரு ஜோடி வாங்கி அலமாரியில் வைத்தேன், சர்க்யூட் படத்தையும் அதே பெட்டி மேல் ஒட்டி. பெட்டியின் சீல் இன்னும் பிரிக்கவில்லை.