சங்கரன்கோவிலில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு தையல் கடை

வங்கிப் பணியில் மாறுதலாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்த முதல் மாதத்தில், ஜாக்கெட் தைக்க எங்கே கொடுக்கலாம் என்று எங்கள் கிளையில் பெருக்கித் துடைக்கும் பெண்ணிடம் கேட்டேன். "டெய்லரக்காட்ட குடுங்க மேடம்" என்றார். கடையின் பெயரைக் கேட்டதற்குச் சற்று விழித்துவிட்டு, ரத வீதியில் நின்று யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள் என்றார். அப்படியே சொன்னார்கள். பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் ஒருவர் கையில் இருந்த நாரை விடாமலே முகவாயால் ஒரு சந்தின் பக்கம் காட்டினார். ஆறு ஆண்டுகளாக என் துணிகள் அனைத்தும் அந்தக் கடையில்தான் தைக்கப்படுகின்றன. ஆகவே இதை அவசரத்தில் எழுதும் அபிப்பிராயமாகக் கொள்ள வேண்டாம்.

கடை என்பது உண்மையில் ஒரு வீட்டின் முன்னறை. காலால் மிதிக்கும் தையல் இயந்திரம் ஒன்று, மோட்டார் பொருத்தியது ஒன்று, மூலையில் ஓவர்லாக் இயந்திரம், வாசலை ஒட்டி நால்வர் நெருக்கி அமரக்கூடிய மரப் பெஞ்சு, அளவெடுக்கும் இடத்தை மறைக்கப் பழைய சேலையில் தைத்த திரை ஆகியவையே அங்குள்ளவை. ஆண்கள் வாசற்படியோடு நின்றுவிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். மனைவியின் துணியை வாங்க வருகிறவர்கள் தெருவில் நின்றபடியே சீட்டை நீட்டுவார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் சுற்றுவட்டாரத்து விசைத்தறிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் ஓய்ந்துபோக, அந்த அமைதியில் இங்கே மிதி இயந்திரத்தின் ஓசை மட்டும் கேட்கும். பழைய இயந்திரத்தை டெய்லரக்கா விற்காமல் வைத்திருப்பதற்கு அதுவே காரணம்.

தையலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். துணியைச் சாய்வாக வெட்டித் தைக்கும் கிராஸ் கட் ஜாக்கெட்டில் இவருக்கு இணையாக நான் வசித்த மூன்று ஊர்களில் ஒருவரையும் கண்டதில்லை. கைக்குழி இறுக்காது, பின்கழுத்து எவ்வளவு இறக்கமாக இருந்தாலும் தோளிலிருந்து நழுவாது, கொக்கிப் பட்டி உட்காரும்போது வாய் பிளக்காது. இவற்றைவிட நான் மதிப்பது, பக்கத் தையலில் இருபுறமும் உள்ளே ஓர் அங்குலத்துக்கு மேல் துணி விட்டுத் தைக்கும் வழக்கத்தை. துணியை மிச்சம் பிடிப்பதற்காக அதை வெட்டித் தள்ளும் கடைகளே இன்று அதிகம். உடம்பு பருத்தால் ஒரு தையலைப் பிரித்துவிட்டால் போதும் என்பதால், நான்கு ஆண்டுகளுக்கு முன் தைத்த ஜாக்கெட்டுகளை இன்னும் உடுத்திக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஓர் அங்குலம் துணியைப் பற்றியது மட்டுமன்று என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது. பிள்ளை பெற்றுத் தாய் வீட்டுக்கு வந்திருக்கும் பெண், அறுவை சிகிச்சைக்குப் பின் பாதியாக இளைத்துப்போன அத்தை, சர்க்கரை நோயால் கை மெலிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை என எல்லாருடைய உடம்பின் மாற்றமும் முதலில் தெரிவது இவருடைய அளவு நாடாவுக்குத்தான். இத்தனையும் தெரிந்த ஒருவர் இந்த ஊரில் வாயை மூடிக்கொண்டிருப்பது எளிய காரியமில்லை. அளவை உரக்கச் சொல்லி வேறொருவரை எழுதச் செய்யும் பழக்கம் இவரிடம் இல்லை; நாடாவைப் பார்ப்பார், தாமே குறித்துக்கொள்வார், முன்னைய அளவோடு ஒப்பிட்டு ஒரு சொல்லும் சொல்லமாட்டார்.

அளவுகள் எழுதப்படும் அந்த நீள நோட்டு தனியாகக் குறிப்பிடத்தக்கது. அதில் இயற்பெயர்கள் அரிது. "பூக்கடை மதினி", "வாத்தியார் வீட்டு மூத்த மருமகள்", "தறிக்காரர் சின்னப் பிள்ளை" என்று உறவையும் தொழிலையும் சேர்த்தே எழுதியிருப்பார். உயரம், மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து என்று வரிசையாக எண்கள் ஓடும். அளவு மாறினால் பழைய எண்ணின் மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் புதியதை எழுதுவார். பாவாடை சட்டைக்கு அளவு கொடுத்த பெண்ணின் பெயருக்கு எதிரே தாவணி ஜாக்கெட்டும் அதன் பின் முகூர்த்த ஜாக்கெட்டும் ஏறியிருப்பதை ஒரே பக்கத்தில் பார்க்கலாம். நான் வெளியூர்க்காரி என்பதால் முதல் இரண்டு ஆண்டுகள் "பேங்க் மேடம்" என்று இருந்தேன். ஒரு நாள் பார்த்தபோது "மேடம்" அடிக்கப்பட்டு "அக்கா" ஆகியிருந்தது. எப்போது, எதற்காக என்று நான் கேட்கவில்லை.

காத்திருக்கும் பெஞ்சும் இக்கடை தரும் சேவைகளில் ஒன்றுதான். அங்கே வந்து அமர்கிறவர்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வகையில் தறியோடு தொடர்புடையவர்கள். பருத்திச் சேலை நெய்யும் இந்த ஊரில், வீட்டில் ஒருவர் தறியில் நின்றால் இன்னொருவர் தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவார். கொக்கி கட்டும் வேலையும் ஓரம் மடித்துத் தைக்கும் எம்மிங் வேலையும் இக்கடையிலிருந்து அத்தகைய இரண்டு வீடுகளுக்குப் போகின்றன. வாரக் கூலி கைக்கு வரும் நாளில் பழைய பாக்கியைத் தீர்க்க வரும் பெண்களின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் என்றாலும், அந்தப் பக்கத்தை அவர் மற்றவர் முன்னிலையில் திறப்பதில்லை. எந்த வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், எந்தப் பையன் திருப்பூரிலிருந்து திரும்பிவிட்டான் என்பதெல்லாம் பெஞ்சில் பேசப்படும். அவர் இயந்திரத்தை மிதித்தபடி "ம்" கொட்டுவதோடு சரி. ஒரு சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட ஓரகத்திகள் இருவர் இங்கே வாடிக்கையாளர்கள். ஒருவருக்குக் காலை பதினொரு மணி என்றும் மற்றவருக்கு மாலை ஐந்து மணி என்றும் சொல்லி, மூன்று ஆண்டுகளாக இருவரும் ஒருவரையொருவர் எதிர்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறார். அரியும் சிவனும் ஓருடலாய் நிற்கும் சங்கரநாராயணர் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இது நடக்கிறது என்பதை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

ஜூன் மாதத்தில் இக்கடையின் வேலை வேறாகிவிடும். சத்துணவுத் திட்டத்தில் உள்ள எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுக்கு 4 இணைச் சீருடை தருகிறது. பொது அளவில் தைக்கப்பட்ட அந்த உடைகள் சிலருக்குத் தொளதொளவென்று இருக்கும். அவற்றைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள். பாவாடை இடுப்பைப் பிடித்துக் கொடுப்பதற்கு அவர் காசு வாங்கி நான் பார்த்ததில்லை.

இனிக் குறைகள். சொன்ன நாளில் துணி கிடைக்கும் என்று நம்பி யாரும் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். ஆடி மாதம் திருமணங்கள் இல்லாததால் மற்ற ஊர்த் தையல்காரர்களுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும். இங்கே கோயிலில் ஆடித் தபசுத் திருவிழா வருவதாலும், அதை முடித்து நிமிர்வதற்குள் ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிடுவதாலும், அந்த இரண்டு மாதங்கள் கொடுக்கும் துணி எப்போது திரும்பும் என்பது கோமதி அம்மனுக்கே வெளிச்சம். என் தங்கை மகள் திருமணத்துக்குக் கொடுத்த பட்டு ஜாக்கெட்டைப் புறப்படும் நாள் காலையில் கொக்கி கட்டாமல் வாங்கிச் சென்று, பேருந்தில் உட்கார்ந்து நானே கட்டினேன். அதே ஜாக்கெட் முதல் சலவையில் உள்ளே சுருக்கம் விழுந்து போனது. லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும் என்பது தொழிலின் அரிச்சுவடி. அவசரத்தில் அதை விட்டுவிட்டார்கள். பிரித்துப் புது லைனிங் வைத்துத் தந்தார், கூலி கேட்கவில்லை, ஆனால் பட்டில் பழைய ஊசித் துளைகள் தெரியத்தான் செய்கின்றன.

ஆரி எம்பிராய்டரி வேலைப்பாடு இங்கே செய்வதில்லை. அதற்கு வெளியே அனுப்புவதால் மேலும் பத்து நாள் கூடும். கைப்பேசியில் படம் காட்டிக் கழுத்து வடிவம் கேட்கும் இளம்பெண்களிடம், "அது அவ உடம்புக்குத் தாயி, உனக்கு இப்படி வைக்கேன்" என்று தம் விருப்பப்படியே வெட்டிவிடுகிறார். பெரும்பாலும் அவர் தீர்ப்பு சரியாகவே இருக்கிறது என்பது வேறு விஷயம். கேட்டதைச் செய்து தருவதுதானே கடையின் கடமை?

லைனிங் இல்லாத ஜாக்கெட்டுக்கு என்னிடம் 150 ரூபாயும் லைனிங் வைத்ததற்கு 350 ரூபாயும் கடைசியாக வாங்கினார். சென்னையில் என் சிநேகிதி இதே வேலைக்கு 1,200 ரூபாய் கொடுக்கிறாள். இப்போது மகன் ஒட்டிவைத்த கியூஆர் அட்டை சுவரில் இருக்கிறது என்றாலும், பாக்கிச் சில்லறையைக் கையில் கொடுக்கவே அவருக்குப் பிடிக்கிறது. புதிதாகப் போகிறவர்கள் நன்றாகப் பொருந்தும் அளவு ஜாக்கெட் ஒன்றை எடுத்துச் செல்வதும், லைனிங் துணியை வீட்டிலேயே நனைத்து உலர்த்திக் கொடுப்பதும் நல்லது. தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாட்கள் போக வேண்டாம், வாங்கமாட்டார்.

சென்ற வாரம் நான் கொடுத்த இரண்டு பருத்தி ஜாக்கெட்டுக்கும் வருகிற புதன்கிழமை என்று சீட்டில் எழுதித் தந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.