மன்னிப்பு பற்றிய ஆறு வார ஆன்லைன் வேத வகுப்பு: 3/5

தப்பு செய்தவன் வந்து கேட்பதற்கு முன்பே கிறிஸ்தவன் மன்னித்தாக வேண்டுமா என்ற ஒரே கேள்விக்காகத்தான் இதில் சேர்ந்தேன். இரண்டாம் வாரமே அதை எடுத்தார்கள், அங்கேயே சறுக்கியும் விட்டார்கள்.

மாற்கு 11:25-ஐ வைத்து, ஜெபத்தில் நிற்கும்போதே மன்னித்துவிடு, அவன் வருந்தினால் என்ன, வருந்தாவிட்டால் என்ன என்றார் பாடம் எடுத்தவர். சரி, லூக்கா 17:3-ல் 'அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக' என்று இருக்கிறதே என்று சாட்டில் கேட்டேன். 'ரெண்டும் ஒண்ணுதான் பிரதர்' என்று பதில் வந்தது. எப்படி ஒன்றாகும்? மாற்கில் நான் தேவனுக்கு முன்னால் நிற்கிறேன், அவன் அங்கே இல்லவே இல்லை, என் கசப்பை இறக்கி வைக்க அவன் தேவையும் இல்லை. லூக்காவில் அவனைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்ளச் சொல்கிறார் இயேசு, அது அறுந்த உறவைச் சேர்க்கிற வேலை, அதற்கு இரண்டு பேர் வேண்டும். (இன்றைக்கு மனஸ்தாபம் என்றால் நமக்குப் பிணக்கு. பழைய மொழிபெயர்ப்பில் அது மனம் வருந்துவது. வகுப்பில் பலர் இதிலேயே குழம்பினார்கள்.)

நான்காம் வாரம் மட்டும் அருமை. யோசேப்பு, ஆதியாகமம் 42 முதல் 45 வரை, அவசரமே இல்லாமல். சகோதரர்களே விற்றுவிட்ட அவன் எகிப்தில் அதிகாரியாகிவிட்டான், பஞ்சத்தில் தானியம் வாங்க அவர்கள் அவனிடமே வருகிறார்கள். சகோதரர்களைப் பார்த்ததும் அவன் கட்டிப்பிடிக்கவில்லை. தானியம் கொடுக்கிறான், அவர்கள் தந்த பணத்தையும் சாக்கிலேயே திருப்பி வைக்கிறான், ஆனால் தான் யார் என்று மூச்சு விடவில்லை. தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்துச் சோதிக்கிறான். தம்பியை விட்டுவிடுங்கள், நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன் யூதா முன்னே வந்த பிறகுதான் அழுகை உடைகிறது. யோசேப்பை விற்றுவிடலாம் என்று அன்றைக்கு யோசனை சொன்னதே அந்த யூதாதான்! நல்லெண்ணம் முதலிலேயே இருந்தது, ஒப்புரவு, அதாவது உறவு மறுபடி சேர்வது, காத்திருந்தது. என் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே கிடைத்தது, ஆனால் இதை லூக்காவோடு இணைத்துக் காட்ட அவருக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் வார வீட்டுப்பாடம்தான் எரிச்சல். உங்களைக் காயப்படுத்தியவருக்கு 'உன்னை மன்னித்துவிட்டேன்' என்று எழுதி அனுப்ப வேண்டுமாம். தான் தப்பு செய்ததாகவே நினைக்காத ஆளுக்கு இப்படி ஒரு கடிதம் போனால் அது இன்னொரு சண்டைக்கு அழைப்பு. கசப்பு இறங்க வேண்டும் என்று ஜெபித்தேன், கடிதம் எழுதவில்லை. ஆறாம் வாரம் வந்த சான்றிதழில் என் பெயருக்குக் கீழே 'பயிற்சி நிறைவு பெறவில்லை' என்று போட்டிருந்தார்கள்.