கீல் மாற்றியதாகச் சொல்லி 380 வெள்ளி வாங்கிவிட்டார்கள்: பெரிய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் கவனம்

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மானநஷ்ட வழக்கு என்று கிளம்பினால் அதற்கும் நான்தான் அலைய வேண்டும். கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்டுவது, பழைய கணினி வாங்கி விற்பது, பழுதுபார்ப்பது என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருப்பார்களே, அந்த வகைக் கடை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ என்று இந்தப் பக்கம் எந்தப் பட்டணத்துக்குப் போனாலும் சில இருக்கும். அதில் ஒன்று என் 380 வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, விழுங்கிவிட்டது. கோபம் இன்னும் ஆறவில்லை. சொல்லில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 17.3 அங்குலத் திரை. கல்யாணப் பத்திரிகை, தோட்டத்து (எஸ்டேட்) கோவில் திருவிழா அறிவிப்பு, கருமக்கிரியை அட்டை என்று வீட்டிலிருந்தே வடிவமைத்துக் கொடுக்கிறேன். சின்னத் திரையில் கோவில் அறிவிப்பைப் போட்டுப் பாருங்கள், உபயக்காரர் பட்டியலிலேயே கண் போய்விடும். திரையை அடிப்பாகத்தோடு இணைக்கும் இடது பக்கக் கீல் கொஞ்ச காலமாகவே முனகிக்கொண்டிருந்தது. பிறகு மூடியைத் தூக்கினால் விசைப்பலகைச் சட்டமும் சேர்ந்து மேலே வர ஆரம்பித்தது. ஓரத்தில் ஐந்து காசு நுழையும் அளவுக்குப் பிளவு. ஆடி மாதம் நெருங்குகிறது, வேலை குவியும் நேரம். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கடையில் இருந்தவர் நம்மவர். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். "அந்தத் தோட்டமா? என் சித்தப்பா அங்கேதானே கிராணியாக இருந்தார்!" என்று முகம் மலர்ந்தார். கிராணி என்றால் தோட்ட அலுவலக எழுத்தர். அம்மாவின் பெயரைக் கேட்டார், பழைய லயத்து வீடுகளைப் பற்றிக் கேட்டார், உட்கார நாற்காலி போட்டார். அதற்குப் பிறகுதான் கணினியைக் கையில் எடுத்தார். கழற்றிப் பார்க்கவில்லை, அசைத்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

"தங்கச்சி, கீல் போய்விட்டது. இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். ஒரிஜினல் சாமான் வரவழைத்துப் போடுகிறேன், மூன்று மாத உத்தரவாதம். 380 வெள்ளி. முழுதாகக் கட்டினால்தான் சாமானுக்குச் சொல்ல முடியும்."

கியூஆர் அட்டையை நீட்டினார். கைப்பேசியில் வந்தது கடையின் பெயர் அல்ல, ஓர் ஆளின் பெயர். கேட்டேன். "முதலாளியின் கணக்கு தங்கச்சி, எல்லாரும் இதில்தான் போடுகிறார்கள்." ரசீதில் "ரிப்பேர் 380" என்று கிறுக்கிக் கொடுத்தார். கீல் என்ற சொல்லும் இல்லை, உத்தரவாதம் என்ற சொல்லும் இல்லை.

எடுக்கப் போன அன்று அவர் காட்டிய வித்தையை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. கண்ணாடி மேசைமேல் கணினியை வைத்து, சுண்டு விரலால் மூடியை மெல்லத் தூக்கினார். ஒரு கையால் அடியைப் பிடித்து மறு கையால் தூக்க வேண்டியிருந்த அந்தக் கனத்த மூடி, சத்தமே இல்லாமல் எழுந்து நின்றது. "பார்த்தாயா தங்கச்சி, வெண்ணெய் மாதிரி!" என்றார். ஓரத்துப் பிளவையும் காணோம். மகிழ்ந்துபோய், பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை அவர் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று வேறு கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வாரமே திரை தானாகப் பின்னால் சாயத் தொடங்கியது. நிமிர்த்தி வைத்தால் நான் எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதற்குள் மெல்லச் சரிந்து மேசையைத் தொடும். போய்ச் சொன்னேன். "புதுச் சாமான் அப்படித்தான் இருக்கும், போகப் போக இறுகிவிடும்" என்றார். தானாக இறுகுகிற நட்டு எந்த ஊரில் இருக்கிறதோ! அடுத்து, ஒரு நாள் மூடியைத் திறக்கும்போது இடது மூலையில் 'டக்'கென்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் சில்லு ஒன்று தெறித்தது. அதோடு ஒரு திருகாணியும் உருண்டு வந்தது, பித்தளை வளையம் ஒன்று அதன் முனையைக் கவ்வியபடியே. திரையும் மினுக்க ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு அண்ணனைப் பிடிக்கவே முடியவில்லை. ஈப்போவுக்குப் போயிருக்கிறார் என்பார்கள். சாப்பிடப் போயிருக்கிறார் என்று கடைப்பையன் சொல்லும்போதே திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்கும். புலனத்தில் (வாட்ஸ்அப்) படம் அனுப்பினால் நீலக் குறி விழும், பதில் வராது. கடைசியில் ஒரு குரல் பதிவு வந்தது: "நீங்கள் ஒரு பக்கமாகப் பிடித்துத் திறந்திருப்பீர்கள். உத்தரவாதம் சாமானுக்குத்தான், உடைத்ததற்கு இல்லை." தங்கச்சி, "நீங்கள்" ஆகிவிட்டாள். 380 வெள்ளி வாங்கும்போது இருந்த உறவு அத்தோடு முறிந்தது.

ஈப்போவில் வேறொரு பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். என் கண்முன்னால் கழற்றினார். உள்ளே புதுக் கீல் என்று ஒன்றுமே இல்லை. இடது கீலில் பழைய துரு அப்படியே இருந்தது. வலது கீலைக் கழற்றவே இல்லை. திருகாணிகளில் தொழிற்சாலையில் வைத்த நீலப் பூச்சு கலையாமல் இருந்தது. இரண்டு கீல்களிலும் நட்டை மட்டும் தளர்த்திவிட்டு, உடைந்த இடத்தில் எபாக்சி பசையைக் கொட்டி மூடியிருக்கிறார்கள்.

அவர் விளக்கிய பிறகுதான் சுண்டு விரல் வித்தையின் மர்மம் புரிந்தது. கதவுக் கீல் வேறு, இது வேறு. ஓர் அச்சில் வளையங்களைக் கோத்து, முனையில் நட்டு போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அந்த உராய்வில்தான் திரை சாய்த்த இடத்தில் நிற்கிறது. திரை பெரிதாக ஆக, பாரமும் கூடும், நெம்பும் விசையும் கூடும், இறுக்கமும் கூடுதலாக வேண்டும். ஆனால் அந்தக் கீலை என் கணினியில் தாங்கிப் பிடிப்பது என்ன தெரியுமா? விசைப்பலகைச் சட்டத்தின் அடியில் சுண்டு விரல் நகம் அளவுக்கு இருக்கும் சில பிளாஸ்டிக் குமிழ்கள். குமிழுக்குள் பதித்த பித்தளை மரையில்தான் திருகாணி ஏறுகிறது. தூசியோ துருவோ பிடித்துக் கீல் இறுகினால், திறக்கும்போதெல்லாம் அந்த விசை பிளாஸ்டிக்கை இழுக்கிறது. கீல் உடைவதில்லை, பிளாஸ்டிக்தான் விட்டுவிடுகிறது. அப்படியானால் மாற்ற வேண்டியது அந்தச் சட்டத்தை. கீலை மட்டும் மாற்றுகிறேன் என்ற பேச்சே பாதிப் பொய், அதைக்கூட அவர் செய்யவில்லை.

அளவுக்கு மீறி இறுகிய நட்டைக் கொஞ்சம் தளர்த்துவது தவறான வைத்தியம் இல்லை என்றும் ஈப்போக்காரர் சொன்னார். சரி, அதைச் சொல்லி அதற்குரிய கூலியை வாங்கியிருக்கலாமே? இதில் பெரிய கொடுமை, அந்தப் பசை வழிந்து, கீலை ஒட்டிப் போகும் திரைக் கேபிளிலும் பட்டுக் காய்ந்துவிட்டது. வளைய வேண்டிய கேபிள் விறைத்துப்போய் ஒரே இடத்தில் மடிகிறது. திரை மினுக்குவது அதனால்தான். கீலோடு போனேன், கேபிளையும் கெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு 380 வெள்ளி கூலி.

விடுவதாக இல்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவையையும் கவனத்தோடும் திறமையோடும் செய்து கொடுக்க வேண்டும். கடைச் சுவரில் என்ன அறிவிப்பு ஒட்டியிருந்தாலும் அந்தக் கடமை போய்விடாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட ஐந்து வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் வேண்டாம். ரசீது, பணம் போன கணக்கின் பதிவு, குரல் பதிவு, ஈப்போவில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன்.

நிறைய ஆலோசனை எழுத நினைத்தேன், நேரமில்லை. ஓரம் பிளக்கத் தொடங்கினால் திறந்து மூடுவதை உடனே நிறுத்துங்கள். திறந்தபடியே கடைக்குக் கொண்டுபோனாலும் பரவாயில்லை. கழற்றிப் பார்க்காமல் விலை சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். உள்ளே உடைந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், தரமாட்டேன் என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சாமான், எத்தனை மாத உத்தரவாதம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். ஆள் பெயரில் உள்ள கணக்குக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே போடாதீர்கள், அவருடைய சித்தப்பா உங்கள் தோட்டத்துக் கிராணியாகவே இருந்திருந்தாலும்.