ஹெம்மி மூங்கில் ஸ்லைடு ரூல்: மரத்தடி அளக்க இன்னும் கெட்டிக்காரன்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் மர வியாபாரம் பார்க்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாலக்காட்டில் ஒரு பழைய சாமான் கடையில் ஜப்பானின் ஹெம்மி கம்பெனி செய்த ஸ்லைடு ரூல் ஒன்றை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். நடுவில் உள்ள பட்டையை நகர்த்திப் பெருக்கல், வகுத்தல் போடுகிற அளவுகோல் அது. ஷோகேஸில் வைக்க அல்ல. எங்கள் அறுவை மில்லில் தினமும் அது என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

பத்து அங்குல அளவுகோல். மூங்கில் பட்டைகளை ஒட்டி, மேலே வெள்ளை செல்லுலாய்டு பதித்திருக்கிறார்கள். மூங்கில்தான் இதன் பலமே. சாதா மரத்தில் செய்தது என்றால் எடவப்பாதி மழையில் ஊறி நடுப்பட்டை இறுகிக்கொள்ளும். தை மாசியில் கணவாய்க் காற்று அடித்தால் தொளதொளவென்று ஆகிவிடும். இது அப்படி ஆடுவதில்லை. உடம்பில் 'என்.இ.' என்று இரண்டு எழுத்து இருக்கிறது. முதலாவது வருஷம், அடுத்தது மாசம். ஏ என்றால் 1950. அப்படியே எண்ணிக்கொண்டு போனால் இது 1963 மே மாதச் சரக்கு. கோடுகள் இன்னும் கூர்மையாகவே இருக்கின்றன.

ஜான் நேப்பியர் பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் மடக்கைகளை (லாகரிதம்) வெளியிட்டது 1614இல். அடுத்த பத்து வருஷத்துக்குள்ளேயே, மடக்கைப்படி கோடு போட்ட இரண்டு அளவுகோல்களை ஒன்றையொன்று ஒட்டி நகர்த்தினால் பெருக்கல் வந்துவிடும் என்று இங்கிலாந்தில் வில்லியம் ஆட்ரெட் கண்டுகொண்டார். இதில் இருப்பதும் அதே வித்தைதான்.

மரத்தடிக்கு வருவோம். சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. 5 அடி சுற்று என்றால் கால் பங்கு 1.25. அளவுகோலில் எண் வரிசைகள் நான்கைப் பார்த்தால் போதும்: பி, சி இரண்டும் நடுப்பட்டையில், ஏ அதற்கு மேலே, டி கீழே. நடுப்பட்டையின் சி வரிசையில் உள்ள 1ஐ, கீழே டி வரிசையில் 1.25க்கு நேராக வைக்கிறேன். அவ்வளவுதான், இனிமேல் பட்டையைத் தொடவே வேண்டாம். பி வரிசையில் நீளத்தைப் பார்த்து, அதற்கு நேர் மேலே ஏ வரிசையில் விடையைப் படிக்கலாம்: 8 அடிக்கு 12.5, 12 அடிக்கு 18.8க்குச் சற்று முன்னால், 16 அடிக்கு 25. ஒரே சுற்றுள்ள தடியை எந்த நீளத்தில் துண்டு போட்டாலும் கணக்கு மொத்தமும் கண் முன்னால் விரிந்து கிடக்கும். கால்குலேட்டரில் ஒவ்வொரு நீளத்துக்கும் தனித்தனியாகத் தட்ட வேண்டும். "எட்டடியா அறுத்தா எத்தனைங்க, பன்னெண்டா விட்டா எத்தனைங்க?" என்று வாங்க வந்தவர் கேட்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கால்சுற்றுக் கணக்கில் தடியின் உண்மையான கன அளவில் 78.5 சதவீதம்தான் வரும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த 12 அடித் தடி முழுசாக 23.9 கன அடி. மீதியை அறுவைக் கழிவு என்று விட்டுவிடுகிறோம்.

குறைகளும் உண்டு. கூட்டல் வராது, இருபது தடியின் மொத்தத்தைத் தாளில்தான் போட வேண்டும். மூன்று இலக்கத்துக்கு மேல் நம்ப முடியாது, அதனால் பில்லுக்குக் கால்குலேட்டர்தான். சாயங்கால வெளிச்சத்தில் ஏ வரிசையின் நெருக்கமான கோடுகள் கண்ணை வருத்துகின்றன. 1972இல் எச்பி-35 என்ற கையடக்கக் கால்குலேட்டர் வந்ததும் இன்ஜினியர்கள் ஏன் இதைக் கீழே வைத்தார்கள் என்பது புரிகிறது.

கடைக்காரர் மேல் எனக்கு ஒரு வருத்தம். நடுப்பட்டை சுலபமாக நகரட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார். தூசி ஒட்டிப் பிசுபிசுத்துவிட்டது. பட்டையை முழுதாக உருவி, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காயவிட்ட பிறகுதான் சரியாயிற்று. தின்னர் மட்டும் பக்கத்திலேயே வரக் கூடாது, செல்லுலாய்டு கரைந்துவிடும்.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நடுப்பட்டையின் 1ஐ டி வரிசையின் 1க்கு நேராக வைத்தால், மறுமுனையிலும் கோடுகள் சேர வேண்டும். அளவுகோலின் மேல் நகரும் கண்ணாடியில் உள்ள மெல்லிய கோடு டி வரிசையில் 2இல் நிற்கும்போது ஏ வரிசையில் 4இல் நிற்க வேண்டும். தவறினால் கண்ணாடிச் சட்டத்தின் திருகைத் தளர்த்திச் சரிசெய்யலாம். ஆனால் உடம்பு வளைந்திருந்தால் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.