சிப் ஒன்றுதான், டிரைவருக்குத்தான் பூட்டு: ஆறு வருட லேப்டாப் அனுபவம்

2014-ல் விண்டோஸ் 8.1-உடன் வாங்கிய லேப்டாப் இது. ஆறு வருடம் உழைத்தது. கீபோர்டு, திரை, பேட்டரி எதிலும் குறை சொல்ல மாட்டேன். என்னைப் பாடாய்ப் படுத்தியது கிராஃபிக்ஸ் டிரைவர்தான், அதாவது திரைக்குப் படம் தரும் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்.

அடுத்த வருடம் விண்டோஸ் 10-க்கு மாறியதும் ஆரம்பித்தது. ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் ஃபேன் ஓடும் சத்தம் கேட்கும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். சேமிக்காத வேலை போனது போனதுதான்.

லேப்டாப் கம்பெனியின் தளத்தில் என் மாடலுக்கு 8.1 டிரைவரோடு சரி. சிப் தயாரித்தவர்களிடம் புதிய டிரைவர் இருந்தது. அதை நிறுவப் போனால், 'லேப்டாப் தயாரிப்பாளரிடம் பெறவும்' என்று சொல்லி நின்றுவிட்டது. கஸ்டமர் கேரில், "பழைய விண்டோஸுக்கே போயிடுங்க சார்" என்றார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள். அதன் உயிர்நாடி மட்டும் இன்னொருவர் கையில்.

பிறகுதான் ஒன்று புரிந்தது. டிரைவருக்கு என் சிப்பைத் தெரியும். தடுப்பது நிறுவும் புரோகிராம் மட்டுமே. ஜிப் கோப்பை இறக்கிப் பிரித்து, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், டிரைவரை நாமே தேர்ந்து தரும் 'ஹேவ் டிஸ்க்' வழியாக ஐஎன்எஃப் கோப்பை (எந்தச் சிப்புக்கு எந்த டிரைவர் என்று சொல்லும் கோப்பு) காட்டினேன். மறுப்பே இல்லாமல் ஏறியது. அன்று மூடித் திறந்து, மூடித் திறந்து பத்துத் தடவை பார்த்தேன். பத்துத் தடவையும் படம் வந்தது.

இரண்டு வாரத்தில் விண்டோஸ் அப்டேட் பழைய டிரைவரையே திரும்பப் போட்டுவிட்டது. காரணம் இதுதான்: சிப்பின் எண்ணோடு லேப்டாப் கம்பெனியின் துணை எண்ணும் பொருந்தும் டிரைவருக்கே விண்டோஸ் முதலிடம் தரும். தேதியைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். எனவே பழசு புதுசை ஜெயித்துவிடும். அப்டேட்டை மறைக்க மைக்ரோசாஃப்ட் தந்த சிறு கருவியைக் கொண்டுதான் அதை நிறுத்தினேன்.

திரைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப டிரைவரைத் திருத்துகிறோம் என்று கம்பெனிகள் சொல்வதில் நியாயம் உண்டு. அப்படித் திருத்துபவர்கள் தொடர்ந்து தர வேண்டாமா? கைவிட்ட பிறகும் பூட்டை ஏன் வைத்திருக்க வேண்டும்?

2020 மே மாதம் இன்டெல் தன் விண்டோஸ் 10 கிராஃபிக்ஸ் டிரைவர்களில் இந்தப் பூட்டை எடுத்தது. ஆனால் அது ஆறாம் தலைமுறைச் சிப்களிலிருந்துதான். அதற்கு முந்தைய சிப் உள்ள 2014 மாடல்களுக்குப் பயனில்லை.

இப்போது எந்த லேப்டாப் பார்த்தாலும், அதே கம்பெனியின் நான்கு வருடப் பழைய மாடலுக்குக் கடைசி டிரைவர் எந்தத் தேதியில் வந்தது என்று முதலில் தேடுகிறேன். பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச லினக்ஸ் போட்டு அக்கா மகனுக்குக் கொடுத்தேன். டிரைவர் அதன் கெர்னலிலேயே, அதாவது மையப் பகுதியிலேயே இருக்கிறது. யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூடித் திறந்தால் திரை வருகிறது.